இருட்டறையில் ஒரு பஸ் தரிப்பு

கண் இன்னும் பழகவில்லை. வெளிக்கதவைச் சாத்தி, உட்கதவைச் சாத்தி, இரண்டுக்கும் நடுவில் தொங்கும் கறுப்புத் திரையையும் இழுத்துவிட்டு, கவிழ்த்த வாளியில் மரியநாயகம் வந்து குந்திக் கொஞ்ச நேரமாகிறது. என்றாலும் நடைவழியின் வெளிச்சம் இமைக்குள் மஞ்சளாக மிதந்துகொண்டுதான் இருந்தது, தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறமாதிரி. மிதக்கட்டும். இதற்கு அவசரப்படக் கூடாது. வெளியே ஒக்டோபர் வெயில், மத்தியானம் தாண்டிய நேரம். இந்த அறைக்குள் மட்டும் சாமம். இரவில் மின்சாரம் மலிவென்று கம்பனிக்காரர் இரவைப் பகலாக்கிப் பகலை இரவாக்கி வைத்திருக்கிறார்கள். பின்னேரம் விளக்குகள் எரியத் தொடங்கினால் விடியுமட்டும் எரியும், விடிந்ததும் அணையும், பிறகு பகல் முழுவதும் இந்த இருட்டு. கஞ்சாச் செடி அப்படித்தான், கனடாவில் சட்டப்படி வளர்க்கிறதென்றாலும். நீளமான இரவொன்று கிடைத்தால்தான் பூக்கும். அந்த இரவுக்குள் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தாலும் குழம்பிப்போகும். நான் பெண்ணா ஆணா என்று அதற்கே தெரியாமல் போய், பெண் பூவுக்குள்ளேயே ஆணின் மகரந்தப் பை மஞ்சளாக எட்டிப்பார்க்கும். சின்ன வாழைப்பழச் சீப்பு மாதிரி இருப்பதால் இங்கே எல்லாரும் அதை வாழைப்பழம் என்றுதான் சொல்வார்கள். வாழைப்பழம் வந்தால் பூ விதை கட்டும், விதை கட்டிய பூவை எவனும் தொடமாட்டான். அதனால்தான் இப்படி ஒரு வேலை. தலையில் மாட்டிய, செடியைக் குழப்பாத பச்சை லைட்டையும் அணைத்துவிட்டு, இருட்டில் சும்மா குந்தி, கண் நன்றாகத் திறந்தபின் சுவரெல்லாம், கூரையெல்லாம், கதவு விளிம்பெல்லாம் பார்க்க வேண்டும், எங்கேயாவது வெளிச்சம் ஒழுகுகிறதா என்று. காற்றாடிகள் ஒரே குரலில் இரைந்துகொண்டிருந்தன. குழாய்களுக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, மண்ணையே காணாத வேர்களை நனைத்து நனைத்து. பூ வாசம் தொண்டையில் பிசினாக ஒட்டியது. மாதா கோயிலில் பக்கத்து வாங்கில் இருப்பவர்கள் மூக்கைச் சுளித்து, எங்கை வேலை அண்ணை என்று கேட்டால் பூச்செடி வளர்க்கிற இடத்தில் என்பார். பொய்யில்லை. ஆனால் ஒருநாள் கேட்டவன் அதற்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பை மரியநாயகம் எடுத்து வைத்திருக்கிறார். கோபம் என்பது மரியநாயகத்திடம் பழுதாகாது. எந்தச் செத்தவீட்டில் யார் தனக்குக் கால் உடைந்த கதிரையைத் தள்ளிவிட்டான் என்பதுகூட இன்றைக்கும் ஈரம் காயாமல் இருக்கிறது.

காலையில் தயாளினி சொன்னது இன்னும் காதில் நின்றது. தயாளினிதான் இந்தப் பக்கத்து அறைகளுக்குப் பொறுப்பு. நல்ல பிள்ளை, வாய் மட்டும் சும்மா இராது. "அண்ணை, அந்தக் கடைசி வரிசையில மட்டும் வாழைப்பழம் வந்திருக்கு. நேற்று நுள்ளி எறிஞ்சனாங்கள், இண்டைக்குத் திரும்பியும் நிக்குது. எங்கயோ வெளிச்சம் ஒழுகுது." அவர் தாடி வலையைக் காதில் கொழுவினார். "நாளைக்கு மேலிடத்தில இருந்து வருகினம். இடத்தைக் கண்டுபிடிக்கேல்லையெண்டால் முழு அறையையும் வெட்டிக் கொட்டச் சொல்லுவினம். பிறகு என்ரை தலைதான் உருளும். இண்டைக்கு நல்லா இருந்து பாருங்கோ, உங்களுக்குத்தானே பூனைக் கண்." அவர் தலையில் லைட்டை மாட்டினார். "ஐயோ அண்ணை, செடிக்கு இருட்டு வேணும், சரி. உங்கடை மூஞ்சிக்கு என்ன கேடு? ஒருக்காச் சிரிச்சால் எந்தப் பூ விதை கட்டப்போகுது?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மற்ற நாளென்றால் அதையும் எடுத்து வைத்திருப்பார். இன்றைக்கு வைக்க இடமில்லை. ஏனென்றால் வெளிச்சம் எங்கே ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரியும். கோடை தொடங்கியதிலிருந்து தெரியும். அறையின் பின்பக்கம் முந்தி லொறி வந்து சாமான் இறக்கிய கதவு இருந்த இடம். அதைத் தகரம் வைத்து அடித்து, மேலே கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டி மூடியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்து அடித்த ஓர் ஆணி கழன்று விழுந்திருந்தது. சுண்டுவிரல் நுனி போகாத ஓட்டை. அதன்மேல் ஒரு துண்டுக் கறுப்பு நாடாவை ஒட்டி வைத்திருக்கிறார். நாடாவின் ஒரு மூலையை மட்டும் மடித்துவிட்டிருக்கிறார், உரிக்கச் சுகமாக. கமெரா கதவைப் பார்த்தபடிதான் இருக்கிறது, இந்த மூலை அதற்குத் தெரியாது. அதுவும் அவருக்குத் தெரியும். தயாளினியின் தலை உருளுமென்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்த மனிசன் ஏன் இந்த வாளியில் குந்திக்கொண்டிருக்கிறான், எழும்பிப்போய் அந்த மூலையை ஒழுங்காக ஒட்டிவிட்டு அலுவல் முடிந்தது என்று சொன்னால் என்ன?

முதல் நாள் அப்படித்தான் ஒட்டப் போனார். அன்றைக்கும் இதேபோலக் குந்தி, கண் பழகி, பின்பக்கத்தில் வெள்ளி மாதிரி ஒரு புள்ளி தெரிய, எழும்பி, இடுப்பில் கொழுவியிருந்த நாடாவை இழுத்துக்கொண்டு போனவர், தற்செயலாகத் திரும்பினார். வரிசைகளுக்கு நடுவே வெளிச்சம் தெறிக்கத் தொங்கவிட்டிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஏதோ அசைந்தது. நிறங்கள். நீலமாக ஒரு பட்டை கீழே கிடந்தது, அதற்கு மேலே சாம்பலாக ஒன்று, அதில் சிவப்பாக ஒரு பெட்டி வழுக்கிக்கொண்டு போனது. இந்தப் புகையில்லாத கஞ்சாவின் வாசமே மண்டைக்குள் ஏறிவிட்டதோ என்று பயந்தார். சிலுவை அடையாளம்கூடப் போட்டார். பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக, அந்த நீலம் ஆகாயமென்றும், சாம்பல் றோட்டு என்றும், சில்லு மேலேயும் கூரை கீழேயுமாகப் போன பெட்டி பஸ் என்றும் விளங்கியது. வெளியில் நடப்பதெல்லாம் அந்த ஆணி ஓட்டையால் நுழைந்து, தலைகீழாகப் பிரண்டு, இந்தப் பிளாஸ்டிக்கில் வந்து விழுகிறது. எப்படி, ஏன் என்று அவருக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு மீன்பிடி வலைக்குப் போனவர். பிளாஸ்டிக்கைக் கிட்ட இழுத்தால் சிறுத்துத் துலக்கமாகிறது, தள்ளிவிட்டால் பெருத்து மங்குகிறது, வெயில் இல்லாத நாளில் ஒன்றுமே இல்லை, இவ்வளவையும் தானே பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, றோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பஸ் தரிப்பில் ஒருத்தி வந்து நின்றாள். தலைகீழாக நின்றாள். கைப்பையைத் தோளில் கொழுவி, ஒரு கையைப் பின்னிடுப்பில், நாரியில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து. விரல் நீளம் கூட இல்லாத உருவம், முகம் தெரியாது, கறுப்பு மயிர் மட்டும் தெரிந்தது. நாடாவைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. றெஜினா.

அவள் அங்கே இருக்கிறாள் என்பது அவருக்கு முன்னமே தெரியும். போன மார்கழியில் நத்தாருக்கு வாழ்த்துச் சொல்ல மகள் ஜெசிந்தா கூப்பிட்டவள், சுகம் விசாரித்து முடிந்து போனை வைக்கப் போகிற நேரம், "அப்பா, அம்மா உங்கடை வேலையிடத்துக்கு எதிரில இருக்கிற முதியோர் இல்லத்திலதான் இப்ப வேலை. தெரியுமோ?" என்றாள். "ம்" என்றார். "ம் எண்டால்?" "ம் எண்டால் ம்." அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. றெஜினா நாரியில் கை ஊன்றுவது இன்றைக்கு நேற்றல்ல. ஜெசிந்தா வயிற்றில் இருந்தபோது ஊன்றத் தொடங்கிய கை. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், குளிரில் பஸ்சுக்கு நிற்கும்போதெல்லாம், "நிண்டு பழகின நாரியப்பா இது" என்று சிரிப்பாள். அந்தக் கையைக் கொண்டு அவர் அவளை ஆயிரம் பேருக்குள்ளும் பிடிப்பார், நேராக நின்றாலும் தலைகீழாக நின்றாலும். அன்றிலிருந்து வெயில் எறித்த ஒரு நாளையும் விடவில்லை. இருட்டுப் பார்க்கிற வேலைக்கு வேறொருவனும் ஆசைப்படுவதில்லை, நல்லதாய்ப் போயிற்று. அவள் வருவாள், நிற்பாள், ஒரு பஸ் வரும், ஏறமாட்டாள். அடுத்த பஸ்சில்தான் ஏறுவாள். ஏன் முதல் பஸ்சை விடுகிறாள்? இந்தக் கேள்விதான் அவரைப் பிடித்துக்கொண்டது. சோற்றில் கை வைத்தபடி, தாடியைக் கத்தரித்தபடி, படுக்கையில் கால் வைத்தபடி இதையே கேட்டார். வெறும் பஸ், இருக்க இடமிருக்கும் பஸ், அதை ஏன் விட வேண்டும்? எதிரில் அவர் வேலை செய்கிறார் என்று ஜெசிந்தா அவளுக்கும் சொல்லியிருப்பாள்தானே. ஒருவேளை, ஒரேயொரு வேளை, நான் வெளியே வருகிறேனா என்று பார்க்கிறாளோ. பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும். அன்றைக்குக் காத்திருக்காதவள் இன்றைக்குக் காத்திருக்கட்டும். இதை நினைக்கும்போது நெஞ்சில் ஒரு சுகம் எழும்பும். எழும்பின உடனேயே அது நோவாகிவிடும். இரண்டுக்கும் இடையில் இருக்கிற கோடு எங்கேயென்று அவர் கண்டதில்லை.

அன்றைக்கு என்றால் ஜெசிந்தாவின் கலியாண நாள். அதை நினைக்கக் கூடாது என்று ஒரு பக்கம் சொல்லும், மற்றப் பக்கம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டிருக்கும். அவர் சலவைக்குக் கொடுத்த கோட்டும் சூட்டும் எடுக்கப் போனார். முதல் நாளே எடுத்திருக்கலாம். றெஜினா சொன்னாள், முதல் நாளே எடுங்கோ என்று. மடிப்பு விழும் என்று விட்டார். காலையில் பனி கொட்டியது. கோட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி பஸ்சுக்குள் நின்றார், பஸ் பாலத்தடியில் நின்றது, அதற்கு முன்னால் நூறு வாகனம் நின்றது. இறங்கி நடந்தார், சப்பாத்துக்குள் பனி போயிற்று. கோயில் வாசலில் ஏறிய நேரம் உள்ளே பாட்டு முடிகிறது. அவர் மகள் வெள்ளை உடுப்போடு பீடத்தடிக்குக் கிட்டப் போய்விட்டாள், தகப்பன் பிடித்துக் கூட்டிப்போக வேண்டிய அவளுடைய கை அலோசியசின் கைக்குள். மச்சான் அலோசியஸ், றெஜினாவின் தமையன், எந்த வீட்டுக் கறியிலும் உப்புப் பார்க்கிற மனிசன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மரியநாயகத்தின் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறான். ஒரு சனமும் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்படியே திரும்பி நடந்தார். இரவு றெஜினா அழுதழுது சொன்னாள், "கோயில் சுவாமியாருக்கு அடுத்த கலியாணம் இருந்தது. பிள்ளை நடுங்கிக்கொண்டு நிண்டது. எவ்வளவு நேரமப்பா பாக்கிறது? நான் என்ன செய்ய?" என்ன செய்ய என்றால் காத்திருக்கிறது. நான் செத்தா போய்விட்டேன்? வருவேன் என்று தெரியாதா? இது அவர் வாயால் சொன்னதல்ல. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாதவர் மறுநாளும் சொல்லவில்லை. பிறகு சொல்லாமல் விட்டதே ஒரு பழக்கமாகி, ஒரு வீறாப்பாகி, கடைசியில் வீட்டுக்குள் இருக்கிற இன்னொரு ஆளாகி, அவர்கள் மூன்று பேராகக் குடியிருந்தார்கள். அவள் சோறு ஆக்கி மூடிவைப்பாள். அவள் படுத்தபின் இவர் போய்த் தின்பார். ஒருநாள் மீன் குழம்பில் ஒரு கரண்டி கூட விடாமல் வழித்துத் தின்றுவிட்டு, அது அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று சட்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்தார். என்ன மனிசன் இது.

இருட்டு இப்போது இருட்டாகிவிட்டது. கையை முகத்துக்கு நேரே பிடித்தால் கை இல்லை. முழங்கால் இருப்பது நோவால்தான் தெரிந்தது. கூரையைப் பார்த்தார், ஒன்றுமில்லை. கதவு விளிம்பு, ஒன்றுமில்லை. பின்பக்கத்தைப் பார்க்க விருப்பமில்லாமல் காற்றுக்குழாய் இருக்கிற பக்கம் பார்த்தார். இரண்டு பையோடு அவள் வீட்டைவிட்டுப் போன அந்தக் காலையிலும் இப்படித்தான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார், தொலைக்காட்சியில் காலநிலை சொன்னவனின் கழுத்துப்பட்டியை. அது கோடு போட்ட கழுத்துப்பட்டி. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன். போகாதை எண்டு சொல்ல வேண்டாம். போ எண்டாவது சொல்லுங்கோ, கேட்டிட்டுப் போறன்." கழுத்துப்பட்டிக்காரன் பின்னேரம் மழை என்றான். அவள் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்பது அவருக்குத் தெரியும், தெரியாது என்றுதான் வைத்திருக்கிறார். பிறகு கதவு சாத்துகிற சத்தம், மெதுவாக, நித்திரையில் இருக்கிற ஆளை எழுப்பக் கூடாது என்பதுபோல. அடித்துச் சாத்தியிருந்தால் அதையாவது எடுத்து வைத்திருப்பார். வாய்க்குள் சொல் இருந்தது. அதுதான் விசித்திரம். இரு என்ற சொல், எத்தனை சின்னச் சொல், உதடு கூட ஒட்டத் தேவையில்லை. நாக்கின் அடியில் கிடந்தது. அவள் இன்னும் ஒரு மூச்சு நின்றிருந்தால் சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பேன் என்று சில நாள் நினைப்பார். மாட்டேன் என்று மற்ற நாள். தங்கச்சி வீட்டுக்குப் போனாள் என்றார்கள், பிறகு அங்கேயிருந்தும் மாறிவிட்டாள் என்றார்கள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் கேட்டதாகிவிடும். இப்போது நாடாவை ஒட்டினால் இந்த விரலளவு றெஜினாவும் இல்லை. ஒட்டாவிட்டால் நாளைக்கு அவர்கள் வந்து கண்டுபிடித்து ஒட்டுவார்கள், மடித்துவிட்ட மூலையைப் பார்த்து இது ஆர் வேலை என்று கேட்பார்கள். இரண்டு வழியிலும் அவள் அணைந்துபோவாள். இப்படியே யோசித்து யோசித்து, வழியொன்றும் அகப்படாமல், கால் தானாக எழும்பிக் கடைசி வரிசைப் பக்கம் நடந்தது. இலைகள் கையில் உரசின. மன்னியுங்கோ என்றார், செடிகளுக்கு, சத்தமாக. தன் குரலே அவரைத் திடுக்கிட வைத்தது.

நாடாவை உரித்தார். பிளாஸ்டிக்கை இழுத்துப் பிடித்தார். வந்தது ஆகாயம், கீழே. றோட்டோரத்து மரம், உச்சி நிலத்தில் குத்திக்கொண்டு, சிவந்து, எரிகிற மாதிரி. அந்தச் சிவப்பு அவர் சட்டையிலும் கொஞ்சம் விழுந்தது. தரிப்பில் அவள் நின்றாள். நாரியில் கை. அவர் மூச்சு விடவில்லை, விட்டால் பிளாஸ்டிக் அசையும். முதல் பஸ் வந்தது, சில்லு மேலே சுழல அவளை மறைத்தது, விலகியது, அவள் நின்றாள். இன்றைக்கும் விட்டுவிட்டாள். அதன் பிறகு, இதுவரை ஒரு நாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள். நாரியிலிருந்த கையை எடுத்து, நெற்றிக்கு உயர்த்தி, இந்தக் கட்டடத்தை, இந்தத் தகரத்தை, இந்த ஓட்டையைப் பார்த்து அப்படியே வைத்திருந்தாள். மரியநாயகத்தின் வலது கையும் உயர்ந்தது. இருட்டுக்குள், ஒருவரும் காணாமல், கண்டால் பைத்தியம் என்று சொல்லக்கூடிய மாதிரி, உயர்ந்து நின்றது. அவளுடைய கை இறங்கியது. இவருடைய கை இறங்கவில்லை. அடுத்த பஸ் வருமுன் றோட்டைக் கடக்க நேரமிருக்குமா? இருக்கும். இல்லாமலும் போகலாம். என்ன சொல்வது? ஏன் அலோசியசை விட்டாய் என்றா? அதைக் கேட்கத்தானே இத்தனை வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தது. இப்போது தேடினால் அந்தக் கேள்வி கையில் அகப்படவில்லை. அது இருந்த இடத்தில் அவள் நாரி நோவுக்கு என்ன எண்ணெய் பூசுகிறாள் என்று ஒரு கேள்விதான் இருந்தது. நாடாவை நீளமாகக் கிழித்து ஒட்டினார். மேலே இன்னொன்று, குறுக்கே இன்னொன்று, மூலைகளை நகத்தால் அழுத்தி. மரம் போயிற்று, ஆகாயம் போயிற்று. இருட்டு ஓட்டை ஒடிசல் இல்லாமல் நிறைந்தது.

நடைவழியில் தயாளினி நின்றாள். "கண்டிட்டன். அடைச்சிட்டன்," என்றார், நில்லாமல் நடந்துகொண்டே.

"எங்கை அண்ணை?"

"பழைய லொறிக் கதவில. ஆணி கழண்ட இடம். நான்தான் விட்டு வைச்சனான்."

"என்னது? அண்ணை! உந்தக் கோலத்தில எங்கை போறியள்? தொப்பியைக் கழட்டுங்கோ, தாடி வலையைக் கழட்டுங்கோ! அண்ணை!"

வெளிக்கதவைத் தள்ளியதும் வெயில் முகத்தில் அறைந்தது. இவ்வளவு நேரம் இருட்டில் விரித்து வைத்திருந்த கண்ணுக்குள் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கையை நீட்டித் தடவித் தடவிப் படி இறங்கினார். கண்ணீர் வழிந்தது. ஒரு வாகனம் நீளமாகக் கோண் அடித்துக் கத்தியது, ஒருவன் ஏதோ பேசினான், அவர் பாட்டுக்கு நடந்தார். வெள்ளைக்குள் சிவப்பாக மரம் கலங்கியது. அதனடியில் கறுப்பாக ஓர் உருவம், இப்போது நேராக, மனிச அளவில். அவ்வளவு பெரிதாக அவளைக் கண்டு எத்தனை காலம்.

"றெஜினா," என்றார். "றெஜினா, நான்."

"ஆர் அண்ணை? உங்களுக்கு என்ன, கண்ணில ஏதும் பட்டுட்டுதோ?"

றெஜினாவின் குரலல்ல. கண்ணைக் கசக்கினார். நாற்பது வயது மதிக்கக்கூடிய ஒரு பெண், வட்ட முகம், மூக்கில் சின்ன மூக்குத்தி, ஒரு கை நாரியில். அவள் பயந்து ஒரு அடி பின்னுக்கு வைத்திருந்தாள். வெள்ளை உடுப்பும் வலைத் தொப்பியும் தாடி வலையுமாக ஒரு கிழவன் கண்ணீரோடு றோட்டைக் கடந்து வந்தால் எவள்தான் பயப்படமாட்டாள். மரியநாயகம் தரிப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோடையிலிருந்து. இத்தனை வெயிலும்.

"நீர்தானோ ஒவ்வொரு நாளும் இதிலை நிக்கிறனீர்?"

"ஓம். ஏன்?"

"முதல் பஸ்சை விடுறனீர்."

"அது எங்கடை பக்கம் போகாதே அண்ணை, சந்தியில திரும்பிடும்." அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "நீங்கள் என்ன, என்னையே பாத்துக்கொண்டிருந்தனீங்களோ?"

"இல்லை. ஓம். உம்மையில்லை." தாடி வலையைப் பிய்த்து எடுத்தார். "நாரியில கை வைச்சிருந்தீர்."

"கிழடுகளைத் தூக்கித் தூக்கி இந்த இல்லத்துக்குள்ள வேலை செய்யிற எல்லாருக்கும் நாரி போயிட்டுது. நீங்கள் றெஜினா அக்காவையோ தேடுறியள்? அவ அந்த நோவாலதானே பனி கரையிற நேரம் வேலையை விட்டவ."

பனி கரைகிற நேரம். ஆணி அப்போது கழலவில்லை. றெஜினா இந்த இடத்தில் ஒரு பனிக்காலம் முழுக்க நின்றிருக்கிறாள், அவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார், ஓட்டை இருக்கவில்லை. அவள் எந்தப் பஸ்சில் ஏறினாள், எங்கே பார்த்துக்கொண்டு நின்றாள், இனி ஒருவரும் சொல்லப் போவதில்லை. கம்பி குளிர்ந்தது. போய்விடலாம். திரும்பிப் போய் வாளியில் குந்தலாம், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், இதையும் ஒரு கோபமாக எடுத்து வைக்கலாம். யார் மேல்? அதுதான் தெரியவில்லை.

"நீங்கள் அவவுக்கு ஆர்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

வாயைத் திறந்தார். நாக்கின் அடியில் ஏதோ அசைந்தது. "மனுசன்," என்றார். "அவவின்ரை மனுசன்."

அவள் நாரியிலிருந்த கையை எடுத்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள், இப்போது வேறு மாதிரி. "நீங்களோ? உங்களைப் பற்றிக் கேட்டால் அக்கா ஒண்டுதான் சொல்லுவா. அவர் வேலைக்குப் போயிட்டார், வரப் பிந்தும் எண்டு. நாங்களும் வேறை கேக்கிறேல்லை." நெற்றியில் கை வைத்துத் தூரத்தில் பார்த்தாள். "பஸ் வருது. நான் வதனி. அக்காவும் நானும் ஒரே கட்டடம், அவ மூண்டாம் மாடி."

பஸ் வந்து நின்று கதவு திறந்தது. உள்ளேயிருந்து சூடு அடித்தது. அவருடைய பஸ் அட்டையும் மேற்சட்டையும் வேலையிடத்து அலுமாரியில் கிடந்தன. றோட்டுக்கு அந்தப் பக்கம் தயாளினி வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள், திட்டுகிறாளா கூப்பிடுகிறாளா தெரியவில்லை. வதனி தன் அட்டையை ஒருதரம் தட்டிவிட்டுச் சாரதியிடம் ஏதோ சொல்லித் திரும்பவும் தட்டினாள். "ஏறுங்கோ அண்ணை, அவன் நிக்கமாட்டான்." அவர் ஏறினார். ஒரு சின்னப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தாயைப் பார்த்தது. கஞ்சா வாசம். அவர் யன்னலோரம் இருந்தார். கட்டடங்கள் எல்லாம் நேராக நின்றபடி போய்க்கொண்டிருந்தன.

கொஞ்சத் தூரம் போனபின் வதனி பின் இருக்கையிலிருந்து குனிந்து கேட்டாள். "எதிலை இறங்கிறதெண்டு தெரியும்தானே?"

"தெரியாது," என்றார் மரியநாயகம்.

அவள் அவருடைய தோளுக்கு மேலால் கையை நீட்டி, பஸ்சை நிறுத்தும் மணிக் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தாள், இன்னும் நேரமிருந்தும்.